தண்ணீரை உள்ளே வைத்த படகு

பிளைவுட்டில் மீன்தொட்டியா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். ஈரம் பட்டாலே உப்பிப்போகிற பலகையில் இரண்டாயிரம் லிட்டர் தண்ணீரா? ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக்குள் பெரிய தொட்டி வேண்டும் என்கிற ஆசாமிகள் பல காலமாகச் செய்துவருவது இதைத்தான். காரணம் ரொம்பச் சாதாரணம். எட்டடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு தொட்டியை வாங்கினால் அது வாசலில் நுழையாது. பிளைவுட் பலகை நுழையும். உள்ளே போய்த் தொட்டியாகும்.

அதை எப்படி ஒழுகாமல் பண்ணினார்கள் என்ற வரலாற்றை மீன் வளர்ப்புப் புத்தகங்களில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி படகுத் துறையில் இருக்கிறது.

முதல் பாதியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1845ல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியது, கண்ணாடி மலிந்தது. 1850ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் சேர்ந்தால் தொட்டித் தண்ணீர் கெடாமல் நிற்கும் என்று எழுதினார். 1853ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் கூடம் திறந்தது. அடுத்த வருஷமே பிலிப் ஹென்றி காஸின் புத்தகம் வந்து 'அக்வேரியம்' என்ற சொல்லை வீடுவீடாகக் கொண்டுபோனது. அக்காலத்துப் பெரிய தொட்டிகள் பலவற்றில் பார்க்கிற பக்கம் மட்டும்தான் கண்ணாடி, மற்றதெல்லாம் ஸ்லேட் கல். இடுக்கை அடைத்தது புட்டி. அதில் ஈயம் இருந்தால் தண்ணீரில் கசிந்து மீனைக் கொல்லும். ஆக, ஒழுகாமல் அடைப்பது பாதி வேலை, அடைக்கிற பொருள் விஷமாகாமல் இருப்பது மறுபாதி. இந்தத் தலைவலி ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

கல்லை விட்டு மரத்துக்கு வந்தது எப்படி? 1905ல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் கண்காட்சியில் பிளைவுட் பலகைகளை வைத்தார்கள். மெல்லிய ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால் மரம் இஷ்டத்துக்கு வீங்க முடியாது, ஒரு ஏட்டை அடுத்த ஏடு பிடித்துக்கொள்ளும். ஆனால் அன்றைய பசை தண்ணீரில் விட்டுவிடும். 1934ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஜேம்ஸ் நெவின் முழுக்க நீர்தாங்கும் பசையைக் கொண்டுவந்தார். அதன் பிறகு, போர்க்காலப் படகுகள் வரை பிளைவுட் போனது. நம்மூர்க் கடையில் 'மரைன் பிளை' என்று கேட்டு வாங்குகிறோமே, அது இந்த வம்சம்.

இங்கே பலரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. தண்ணீரைத் தாங்குவது பசைதான், மரம் இல்லை. ஏடு பிரியாது, ஆனால் மரம் தண்ணீர் குடிக்கும், அதிலும் வெட்டிய விளிம்பு மடமடவென்று குடிக்கும். பிறகு உளுக்கும். மரத்தையே மூடிவிட வேண்டும்.

அந்த வேலையைச் செய்தது எபாக்சி. மிச்சிகனின் பே சிட்டியில் கூஜன் சகோதரர்கள் என்று மூன்று பேர். 1970ல் அவர்கள் நீரில் இறக்கிய 'அடாஜியோ' ஒரு ட்ரைமரன். (இந்த 'மரன்' நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்.) ஆணிகளை நம்பாமல் எபாக்சியால் ஒட்டி, மரம் முழுவதையும் எபாக்சியாலேயே மூடிக் கட்டிய படகு அது. நம் தோணி கட்டுகிறவர்கள் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைப்பார்கள், கலப்பத்து என்று பெயர். அது இடுக்கை அடைக்கிற வழி. கூஜன்கள் வழியில் இடுக்கு என்ற ஒன்றே மிஞ்சுவதில்லை. வீட்டுக்குள் தொட்டி கட்டுகிறவர்கள் எடுத்துக்கொண்டது இதைத்தான்: மூலையை எபாக்சிக் குழைவால் வளைவாக நிரப்பு (கூர்மையான மூலையில் கண்ணாடியிழைத் துணி படியாது), துணியை ஒட்டு, மேலே இரண்டு மூன்று பூச்சு.

ஆனால் படகை அப்படியே நகல் எடுக்க முடியாது. படகில் வெளித் தண்ணீர் மூட்டுகளை அழுத்தி மூடுகிறது. தொட்டியில் உள்தண்ணீர் அவற்றைத் தள்ளித் திறக்கப் பார்க்கிறது. 240 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம், 75 செ.மீ. ஆழம் என்று வையுங்கள். தண்ணீர் 2,160 லிட்டர். நீளப் பக்கம் ஒன்றின் மேல் மட்டும் சுமார் 675 கிலோ தள்ளும். அகலத்தைப் பாதியாக்கினாலும் அந்த 675 குறையாது, ஆழம்தான் கணக்கு. ஆழத்தைப் பாதியாக்கினால் அது கால்வாசியாகும். அதனால்தான் மேல்விளிம்பைச் சுற்றி ஒரு சட்டம், குறுக்கே ஒரு பட்டி. அழகுக்கு என்று நினைத்து அதை விட்டுவிட்டால் பலகை நடுவில் வெளியே வளையும்.

முன் கண்ணாடியை உள்பக்கத்திலிருந்து வைப்பார்கள், தண்ணீரே அதைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும். இடையில் போவது சிலிக்கோன். 1960களில் மீன் வளர்ப்புக்கு வந்து புட்டியை ஓய்வுக்கு அனுப்பியது இதுதான். ஒரே வில்லங்கம்: காய்ந்த சிலிக்கோன் மேல் எபாக்சி ஒட்டாது. எனவே எபாக்சி முழுக்க இறுகிய பிறகுதான் சிலிக்கோன், இந்த வரிசை மாறக்கூடாது.

படகுக்காரர்கள் சொல்லித்தராத பாடமும் உண்டு. படகைக் கடல் தாங்கும், தொட்டியை உங்கள் தரைதான் தாங்கியாக வேண்டும். 75 செ.மீ. தண்ணீர் சதுர மீட்டருக்கு 750 கிலோ. வீட்டு மாடித் தளத்தை நம்மூரில் சாதாரணமாக வடிவமைப்பது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரத்துக்கு. பெரிய தொட்டிக்காரர்கள் மாடியை விட்டு, மண் மேல் கான்கிரீட் போட்ட தரைத்தளத்துக்கோ நிலவறைக்கோ போவது இதனால்தான். அங்கேயும் முதலில் மீன் இல்லாமல் நிரப்பி, நாள்கணக்கில் வைத்து, விளிம்புகளைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.