மணற்கேணியும் மேய்ச்சல் நிலமும்: கொங்கின் ஆற்றுப்படுகை மண் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் வரும் மணற்கேணி உவமையைக் கற்பிக்காத தமிழாசிரியர் மலேசியாவில் இருத்தல் அரிது. தோண்டத் தோண்ட நீர் ஊறுவதுபோல் கற்கக் கற்க அறிவு பெருகும் என்னும் கருத்தை மாணவர் எளிதில் பெற்றுக்கொள்கின்றனர். ஆனால், உவமையாக நிற்கும் பொருளை அவர்கள் கண்டதில்லை. ஆயர் ஈத்தாம் என்னும் ஊர்ப்பெயருக்கு மலாய்மொழியில் கருநீர் என்பது பொருள். நீரின் பெயரையே தாங்கிய இவ்வூரும் இதனை உள்ளடக்கிய பினாங்குத் தீவும் ஆண்டுதோறும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுபவை. இங்கு மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் முற்றிலும் வற்றுவது அரிது. ஆற்றுக்குள்ளேயே கேணி தோண்டும் தேவை எங்கு எழும், ஏன் எழும் என்று ஒரு மாணவர் கேட்டால், உரைநூல்களில் அதற்கு விடை கிடைப்பதில்லை. விடை மண்ணில் இருக்கிறது.

அவ்விடையைத் தேடுவதற்கு ஏற்ற நிலம் கொங்குநாடு. நொய்யலும் ஆன்பொருநை எனப் பழந்தமிழர் அழைத்த அமராவதியும் ஓடும் அந்நிலப்பகுதி, அரைவறட்சிப் புல்வெளிக்கும் மணற்பாங்கான வெள்ளப்படுகைக்கும் ஒருங்கே எடுத்துக்காட்டாக விளங்குவது. புல்வெளி, படுகை ஆகிய இரண்டன் சேர்க்கையே கொங்கின் தொல்வரலாற்றை உருவாக்கியது என்பதும், முல்லை என்றும் மருதம் என்றும் நாம் வகுப்பறையில் பிரித்துக் கற்பிக்கும் முறை அச்சேர்க்கையை மறைத்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

மேட்டு நிலமும் படுகையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்திருப்பதால் காங்கேயம், தாராபுரம், கரூர் வட்டாரங்களில் ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவிலேயே அமைகிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் பெய்து முடிந்துவிடும். மேட்டு நிலத்தில் பாறையின்மேல் மெல்லிய போர்வையாகச் செம்மண்ணும் சரளையும் படிந்துள்ளன. இம்மண்ணில் உழவைக் காட்டிலும் மேய்ச்சலே நிலைத்தது. கிளுவை முள்வேலி சூழ, கொழுக்கட்டைப் புல் பரவ, இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும் ‘கொறங்காடு’ என்னும் மேய்ச்சல் நிலமுறை இன்றும் காங்கேயத்தைச் சுற்றிக் காணப்படுகிறது. காங்கேயம் மாட்டினம் இப்புல்லில் வளர்ந்ததே.

இந்நிலத்தை ஊடறுத்துச் செல்லும் ஆறுகளின் நீர் இங்குப் பெய்த மழையன்று. நொய்யல் வெள்ளியங்கிரி மலையிலும் அமராவதி ஆனைமலைத் தொடரிலும் பிறப்பவை. மலையில் தென்மேற்குப் பருவம் பொழியும்போது, மழையே காணாத சமவெளியில் திடீரென வெள்ளம் வரும். வெள்ளம் கரைபுரளும் இடத்தில் நீரின் விசை குறைவதால், கனமான பருமணல் முதலில் ஆற்றை ஒட்டியே படிகிறது. நுண்ணிய வண்டல் அப்பால் சென்று படிகிறது. ஆண்டுக்கு ஆண்டு வெள்ளத்தின் அளவு மாறுவதால், கரையை வெட்டிப் பார்த்தால் மணலும் வண்டலும் அடுக்கடுக்காக மாறிமாறித் தோன்றும். மண்ணியலார் இவற்றை ‘என்டிசால்’ என்னும் இளம் மண் வகையில் அடக்குவர். ஒவ்வொரு வெள்ளமும் புதிய படிவைக் கொண்டுவருவதால், இம்மண் தன்னுள் படலங்களை வளர்த்துக்கொள்ளப் போதிய காலம் வாய்ப்பதில்லை.

உழவர் கண்ணோட்டத்தில் இம்மண்ணின் குறைகள் வெளிப்படையானவை. களி குறைவாதலின் சத்துகளைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் குறைவு. வெப்பத்தில் இலைமக்கு விரைந்து சிதைந்துவிடும். இட்ட எருவை மழை கீழே இழுத்துச் செல்லும். மேற்பரப்பு சில நாளில் காய்ந்துபோகும். ஆயினும் நீரைப் பொறுத்தவரை மணலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. களிமண் நீரை மிகுதியாக உள்வாங்கி வைத்திருக்கும். ஆனால் எளிதில் விடாது. மணல் குறைவாகவே வைத்திருக்கும். வைத்திருப்பதில் பெரும்பகுதியைத் தந்துவிடும். பருமணலின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி உண்டு. அவ்விடைவெளிகள் பெரியனவாதலால் பள்ளம் தோண்டியவுடன் சுற்றிலுமிருந்து நீர் அதனுள் வந்து சேர்கிறது. மேலும், மேல்மணல் காய்ந்தபின் அதுவே ஒரு மூடியாகி, அடியிலுள்ள நீர் மேலேறி ஆவியாவதைத் தடுக்கிறது. ஏறத்தாழ 60 செ.மீ. ஆழத்திற்குக் கீழே ஆவியாதல் பெரிதும் குறைந்துவிடுகிறது. ஏரியில் தேங்கிய நீரை வெயில் குடித்துவிடும். மணலுக்குள் ஒளிந்த நீர் கோடையிலும் எஞ்சும். கென்யாவின் கிட்டுயி வட்டாரத்தில் வறண்ட ஓடைகளின் குறுக்கே குறுஞ்சுவர் எழுப்பி, வேண்டுமென்றே மணலைத் தேக்கி அதனுள் நீரைச் சேமிப்பது இவ்வியல்பை அறிந்தே.

மணற்கேணி தோண்டத் தோண்ட ஊறுவது இதனால்தான். பாறைநிலத்துக் கிணறு அப்படி ஊறாது. உவமைக்கு வள்ளுவர் வெறும் கேணியைக் கூறாமல் மணற்கேணியைத் தேர்ந்ததன் நுட்பத்தை உரையாசிரியர்களைவிட மண்ணே நன்கு விளக்குகிறது எனலாம்.

இலக்கியச் சான்றுகள்

கொங்கின் இவ்விரு நீர்நிலைகளையும் சங்கப் புலவர்கள் தனித்தனியே கண்டிருக்கின்றனர். பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்தில் பாலைக் கௌதமனார், வன்னிலத்தைக் கருவிகொண்டு குழித்த கிணற்றில் சிறிதே ஊறும் நீரைக் கயிற்றால் இழுக்க, அதைச் சுற்றி ஆக்கள் மொய்ப்பதைக் காட்டி, அதனைக் கொங்கர் நாட்டின் அடையாளமாக ஆக்குகிறார். மேட்டு நிலத்தின் நீர்நிலையை இதைவிடத் துல்லியமாகக் கூறுவது கடினம். மாடு பலவாக இருந்தது. நீர் சிலவாக இருந்தது.

படுகையின் காட்சி முற்றிலும் வேறு. புறநானூற்றின் 11ஆம் பாடலில் பேய்மகள் இளவெயினி, வஞ்சி நகரத்துச் சிறுமியர் பொருநைக் கரையில் மணற்பாவை செய்து விளையாடிப் புனலில் ஆடுவதைப் பாடுகிறார். 387ஆம் பாடலில் குண்டுகட் பாலியாதனார், சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் பொருநையின் மணலைக் காட்டிலும், ஊர்களைச் சூழ்ந்த கழனிகளில் விளையும் நெல்லைக் காட்டிலும் பல்லாண்டு வாழ வேண்டும் என வாழ்த்துகிறார். எண்ணற்றது என்பதற்கு மணலைக் கூறுவது வழக்கமான மரபே. மணலும் நெல்லும் ஒரே வாழ்த்தில் அடுத்தடுத்து வருவது வழக்கமன்று. ஆற்றங்கரையில் மணல், அதற்கப்பால் வண்டலில் நெல் என்னும் படுகையின் அடுக்கு வரிசை அவ்வாழ்த்தில் அப்படியே அமைந்துள்ளது. புலவர் அதை எண்ணிச் செய்தாரா என்பது வேறு வினா.

ஆயினும் நான் மிக முக்கியமாகக் கருதுவது 36ஆம் பாடலே. கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டபோது ஆலத்தூர் கிழார் பாடியது அது. மகளிர் கழங்காடும் ஆன்பொருநையின் வெண்மணல் சிதையும்படி, பகைவர் காவல்மரங்களைக் கோடரியால் வெட்டி வீழ்த்துகின்றனர். அவ்வோசை மன்னனின் அரண்மனைக்குள் கேட்கிறது. இப்பாடலை மறத்துறைக்கும் மானத்துக்கும் எடுத்துக்காட்டாகவே கற்பிக்கிறோம். மண்ணை நோக்கிப் படித்தால், சத்தற்ற வெண்மணலில் நெடுமரச் சோலைகள் நின்றன என்பது புலப்படும். வேர்கள் மணலுக்கடியில் உள்ள நீரை எட்டியிருந்தாலன்றி, 600 மில்லிமீட்டர் மழைநாட்டில் அத்தகைய சோலை தழைத்திராது. காவல்மரம் வெட்டப்படுவது அரசனின் இழிவு மட்டுமன்று. புல்வெளி நாட்டில் அரிதாக வாய்த்த நிழலின் இழப்பும் ஆகும்.

கருவூர் வஞ்சி கரூரா, சேரநாட்டு மேற்குக் கரையா என்னும் பழைய விவாதத்தை இங்கு விரிக்க வேண்டியதில்லை. கரூருக்கு அண்மையிலுள்ள புகலூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டுகள் இரும்பொறை மரபினரையும் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனையும் குறிப்பிடுவதே போதிய சான்றாகும்.

பழந்தமிழ்ச் சொல்வளமும் இங்கு நினைக்கத்தக்கது. நுண்மணல் அயிர், நீரோட்டம் வரிவரியாகப் படியவிட்ட கருமணல் அறல், மணல்மேடு எக்கர், ஆற்றிடைத் திட்டு துருத்தி. ‘வண்டல்’ என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. சங்க நூல்களில் அது பெரும்பாலும் சிறுமியர் மணலில் ஆடும் விளையாட்டைக் குறிக்கிறது. இன்றோ பாடநூல்களில் ஆற்றுப்படிவு மண்ணைக் குறிக்கும் சொல்லாக மட்டும் நிற்கிறது.

திணைப் பகுப்பின் எல்லை

தொல்காப்பியம் நிலங்களை வகுக்கும்போது மணலை நெய்தலுக்கும் இனிய புனலை மருதத்துக்கும் உரிமையாக்குகிறது. ஆற்று மணலுக்கு அங்குத் தனியிடம் இல்லை. இது தொல்காப்பியரின் குறையன்று. அவர் வகுத்தது கவிதைக்கான உலகமே அன்றி மண் வரைபடம் அன்று. திணை மயங்குவதையும் அவரே ஏற்கிறார். குறை நம்முடையது. தேர்வுக்கு வசதியாக முல்லை என்றால் காடு, மருதம் என்றால் வயல் எனக் கட்டமிட்டுக் கற்பிக்கும்போது, முல்லையிலிருந்து மருதத்துக்குச் செல்வது ஒரு நாட்டிலிருந்து மறுநாட்டுக்குச் செல்வதுபோல் மாணவர் மனத்தில் பதிகிறது. கொங்கிலோ அது மாட்டை நீருக்கு ஓட்டிச் செல்லும் தொலைவுதான். ‘ஆன்பொருநை’ என்னும் பெயரிலேயே ஆவும் ஆறும் சேர்ந்து நிற்கின்றன.

நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணல் இதற்குத் தொல்லியல் சான்று. பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனப் புகழப்படும் அவ்வூரில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. நீலக்கல், பச்சைக்கல், பளிங்கு ஆகியவற்றால் மணி செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய தடயங்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. அருகிலுள்ள படியூர் பச்சைக்கல்லுக்குப் பெயர்பெற்றது. மணித்தொழிலைப் பற்றி ஆய்வாளர் நிறைய எழுதியுள்ளனர். அக்கைவினைஞர் எதைக் குடித்தனர் என்பது பற்றி எழுதியவர் சிலரே. கல்லும் இரும்பும் மேட்டில் கிடைத்தன. நீர் ஆற்று மணலில் கிடைத்தது. குடியிருப்பு இரண்டுக்கும் நடுவே, வெள்ளம் எட்டாத மேட்டில் அமைந்தது. அதனால்தான் அங்கு மண்ணடுக்குகள் கலையாமல் நமக்குக் கிடைத்தன. கரூரில் நிலைமை வேறு. மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை முதலிய பெயர் பொறித்த சேரர் காசுகளும் உரோமானியக் காசுகளும் அமராவதி மணலைச் சலித்தே பெருமளவில் பெறப்பட்டன. அவை விலைமதிப்பற்றவை, ஆனால் எந்த அடுக்கில் எதனோடு கிடந்தன என்பதை ஆறு அழித்துவிட்டது. மணல் பொருளைக் காக்கும், சூழலைக் காக்காது.

மதிப்பீடும் மறதியும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண நிலவரித் திட்ட அலுவலர்கள் மண்ணைக் கரிசல், செவ்வல் முதலான பெரும்பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலும் களியின் பங்கைக்கொண்டு தரம் கண்டனர். களி மிகுந்தால் தரம் உயரும். மணல் மிகுந்தால் தாழும். வரி விதிக்க இது பொருத்தமான முறையே. எனினும், மேற்பரப்பில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து மதிப்பிடும் கண்ணுக்கு அதனடியிலுள்ள நீர் தெரிவதில்லை. மணல் என்றால் மட்டம் என்னும் எண்ணம் நிலைபெற்றதில் இவ்வாவணங்களுக்குப் பங்கு உண்டு என்பது என் கருத்து. கொங்கு உழவரோ காங்கேயம் காளைகளைக் கவலையில் பூட்டிக் கிணற்றுநீர் இறைத்து, அதே படுகையில் மஞ்சளும் தென்னையும் வளர்த்துவந்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அப்படுகைக்கு நேர்ந்தது தற்செயலன்று. கொடுமணலுக்கு அண்மையில் ஒரத்துப்பாளையம் அணை 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 20,000 ஏக்கருக்குப் பாசனம் தருவது அதன் நோக்கம். திருப்பூர்ச் சாயத்தொழிலின் உப்புக்கழிவு அதில் தேங்கியது. உழவருக்கு உதவ எழுந்த அணையின் நீரைத் திறக்க வேண்டாம் என உழவரே நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு அது முற்றியது. இங்கும் மண்ணின் இயல்பே செயல்பட்டது. களிமண்ணாயின் உப்பு மேலேயே பற்றிநின்று நிலத்தை இறுக்கியிருக்கும். மணல் உப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கீழே அனுப்பிவிட்டது. கிணறுகள் அதைப் பெற்றுக்கொண்டன. நல்ல நீரை விரைந்து தந்த அதே இடைவெளிகள் கெட்ட நீரையும் விரைந்து கடத்தின.

அமராவதியிலும் காவிரியிலும் மணலே அகற்றப்பட்டது. ஆற்றில் மணல் அள்ளும் பணியைத் தமிழக அரசு 2003ஆம் ஆண்டு தானே ஏற்றது, அள்ளுதல் நிற்கவில்லை. மணல் போன இடத்தில் நீர்மட்டம் இறங்குவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நீர் இருந்த கலமே போய்விட்டது. தட்டுப்பாடு முற்றிய நிலையில், 2017 அக்டோபரில் தனியார் நிறுவனம் ஒன்று மலேசியாவிலிருந்து 50,000 டன்னுக்கு மேற்பட்ட மணலைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கப்பலில் கொண்டுசென்றது. மாவட்ட நிர்வாகம் அதை வெளியே எடுத்துச் செல்ல விடவில்லை. இறக்குமதியான மணல் தமிழகத்தின் கனிம விதிகளுக்கு உட்பட்டதா என்னும் வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலிருந்து உச்சநீதிமன்றம் வரை செல்ல, அம்மணல் நெடுநாள் துறைமுகத்திலேயே குவிந்து கிடந்தது.