மணியாச்சிக் கைத்துப்பாக்கியின் பிறப்பிடம்

பொருநைப் புனல் பாயும் திருநெல்வேலிச் சீமையிலே வாளுக்கும் வேலுக்கும் நெடிய வரலாறு உண்டு. ஆயின், உள்ளங்கையில் அடங்கத்தக்க ஒரு சிறு கருவி சில நிமிடங்களில் இரண்டு உயிர்களைக் கவர்ந்து சீமை முழுவதையும் கலங்கச் செய்த வரலாறு ஒன்றே. 1911-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் நாள் சனிக்கிழமை முற்பகலில், மணியாச்சிப் புகைவண்டிச் சந்திப்பில், ஜில்லாக் கலெக்டராகிய ஆஷ் துரையைச் செங்கோட்டை வாஞ்சி ஐயர் சுட்டு வீழ்த்திப் பின்னர்த் தம்மையும் சுட்டுக்கொண்ட கைத்துப்பாக்கியே அது. அஃது எங்கே பிறந்தது, எவ்வழியாக இந்நாடு புகுந்தது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அச்செயல் அறமோ அன்றோ என்னும் வழக்கு வேறு. அதனைத் தீர்க்க யாம் முற்படவில்லை.

இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், கூறுதும். அத்துப்பாக்கியைப் பற்றி ஊர்தோறும் ஒரு கதை உலவுகின்றது. பாளையக்காரர் காலத்தில் பரணில் ஒளித்து வைத்த கரிமருந்துத் துப்பாக்கியே அது என்பார் சிலர். கொல்லன் பட்டறையில் வடித்தது என்பார் சிலர். நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றிலும், "எம் வீட்டிலிருந்து சென்றதே அது" என்னும் பேச்சு முதியோர் வாயிற் கேட்டிருக்கின்றோம். முன்னோர் புகழை விரும்புதல் இயல்பே. ஆயினும் பிறர் உயிர் கொடுத்த செயலில் நமக்குப் பங்கு கோருமுன், சான்று உண்டா என்று பார்த்தல் கடமையாம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. திருக்குறளின் வான்சிறப்பிலே 'துப்பாக்கி' என்னும் சொல் வருதல் கண்டு, தமிழர்க்கு அக்காலத்தேயே வெடிகருவி உண்டு என்று எம் மாணாக்கன் ஒருவன் வகுப்பில் எழுந்து வாதிட்டான். அவன் ஊக்கத்தை மெச்சினோம், பொருளை மறுத்தோம். ஆண்டுத் துப்பு என்பது உணவு; உணவாக்கி என்பதே பொருள். நாம் கையாளும் துப்பாக்கியோ துருக்கியர் சொல்லின் வழியாகப் பாரசீகமும் இந்துஸ்தானியும் கடந்து வந்தது. சொல்லே கடல் கடந்து வந்ததாயின், பொருள் வந்ததில் வியப்பென்ன?

இனிக் கரிமருந்துக் கதையை நோக்குவாம். கரிமருந்தாவது வெடியுப்பு ஏறத்தாழ முக்காற்பங்கும், எஞ்சியதில் மரக்கரியும் கந்தகமும் சேர்த்து அரைப்பது. பாளையக்காரர் படையில் இருந்தவை பெரும்பாலும் திரித்துப்பாக்கிகள்; அஃதாவது, கனன்றுகொண்டிருக்கும் கயிற்றுத் திரியைக் கொண்டு மருந்தைக் கொளுத்துவன. கனலும் திரியை இடையிற் செருகிக்கொள்ள ஒருவனால் ஆகுமோ? ஆகாது. ஆதலின் திரிப்பொறியிற் கைத்துப்பாக்கி மிக அரிது. அக்காலத்து நம் நாட்டிற் காணப்பட்ட கைத்துப்பாக்கிகள் பெரும்பான்மையும் சிக்கிமுக்கிக் கல்லாற் பொறி எழுப்பும் ஐரோப்பியப் பொறி உடையன. பாஞ்சாலங்குறிச்சியாரின் உண்மை வலிமை நீண்ட ஈட்டியில் இருந்தது. 1801-ஆம் ஆண்டு மார்ச்சு 31-இல் கோட்டையைத் தாக்கிய கும்பினிப் படை உடைந்து பின்னிட்டது அவ்வீட்டி முனைகளின் முன்னே. அப்போரில் இருந்த வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் பின்னர் 1830-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில், பகைவனாகிய ஊமைத்துரையை வியந்து எழுதியிருத்தலைக் கற்றோர் அறிவர்.

அவ்வாண்டு மே 24-இல் கோட்டை வீழ்ந்தது. அக்டோபரில் மருது சகோதரரும், நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் முதல் நாள் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவு விளம்பரம் ஒன்று பிறப்பித்துத் தென்பாளையங்களில் துப்பாக்கியும் ஈட்டியும் வைத்திருத்தலையே தடுத்தார். மணியாச்சியும் அந்நாளில் ஒரு பாளையமே என்பதை இளைஞர் பலர் அறியார். படைக்கலம் களைந்த அந்நிலத்திலேயே 110 ஆண்டு கழித்து வெடியோசை எழுந்தது என்பது காலத்தின் கோலம்.

ஆயினும் அவ்வோசை எழுப்பியது கரிமருந்தன்று. வாஞ்சியின் கையிலிருந்தது பெல்ஜிய நாட்டிற் செய்த பிரௌனிங் என்னும் தானியங்கிக் கைத்துப்பாக்கி. பலரும் இதனை 'ரிவால்வர்' என்றே எழுதுகின்றனர். மேடையிலும் அங்ஙனமே முழங்குகின்றனர். ரிவால்வரில் குண்டறைகள் கொண்ட உருளை ஒன்று சுழலும். பிரௌனிங்கில் உருளை இல்லை. குண்டுகள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு குண்டு வெடித்தவுடன் அவ்வெடியின் பின்னுதைப்பே மேலுள்ள இரும்புத் தகட்டைப் பின்னே தள்ளி, வெற்றுத் தோட்டாவை வெளியே எறியும். சுருள்வில் அத்தகட்டை முன்னே மீட்கும்போது அடுத்த குண்டு தானே குழலுட் புகும். சுடுவோன் செய்ய வேண்டுவது விசையை மீண்டும் அழுத்துவதே.

இந்நுண்பொறி கரிமருந்தைப் பொறுக்காது. கரிமருந்து வெடித்தபின் எஞ்சும் அழுக்கு குழலிலும் தகட்டிலும் படிந்து சில வெடிகளிலேயே இயக்கத்தைத் தடுக்கும். 1884-இல் பிரெஞ்சு நாட்டு வியேய் என்பார் புகையில்லா மருந்தைக் கண்ட பின்னரே இத்தகைய கருவி செவ்வனே இயலக் கூடியதாயிற்று. இஃதொன்றே பரண் துப்பாக்கிக் கதையை முறிக்கப் போதும்.

இக்கருவியை வகுத்த ஜான் மோசஸ் பிரௌனிங் அமெரிக்காவில் யூட்டா நாட்டு ஆக்டன் நகரத்தவர். துப்பாக்கி செய்வோர் குடியிற் பிறந்தவர். செய்தது பெல்ஜியத்தில் லியேழ் நகரை அடுத்த ஹெர்ஸ்டாலில், 1889-இல் தோன்றிய 'பாப்ரிக் நாசியோனால்' என்னும் தொழிற்சாலை. 1897-இல் பிரௌனிங் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார். நூற்றாண்டு திரும்புமுன்பே துப்பாக்கிகள் விற்பனைக்கு வந்தன. 1914-இல் செரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு உலகப் பெரும்போருக்குத் திரிகொளுத்தியதும் இத்தொழிற்சாலையின் பிரௌனிங்கே.

ஹெர்ஸ்டாலிற் பிறந்தது மணியாச்சிக்கு வந்தவாறு யாங்ஙனம்? 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாத இந்தியன் கைத்துப்பாக்கி வாங்குதல் இயலாது. வாங்கியவன் பெயர் ஏட்டில் ஏறும். ஆகவே சென்னைக் கடைத்தெருவில் வாங்கியது என்பது பொருந்தாது. இலண்டன் இந்தியா இல்லத்தாரோ இதற்கு முன்பே ஒரு வழி கண்டிருந்தனர். 1909-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சாவர்க்கர், அவ்வில்லத்துச் சமையற்காரராகிய சதுர்புஜ் அமீன் என்பவர் வாயிலாகப் பெட்டியின் கள்ள அடித்தட்டில் மறைத்து 20 பிரௌனிங் துப்பாக்கிகளைப் பம்பாய்க்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்றே அவ்வாண்டு டிசம்பர் 21-இல் நாசிக் கலெக்டர் ஜாக்ஸனைக் கொன்றது. இவையனைத்தும் 1918-இல் ரௌலட் குழுவினர் வெளியிட்ட அறிக்கையிற் காணலாம்.

இதுகொண்டு வாஞ்சியின் துப்பாக்கியும் அவ்விருபதில் ஒன்றே எனச் சிலர் துணிவர். அஃது ஒப்புமையே யன்றிச் சான்றன்று. ஒரே பட்டறையில் அடித்த இரண்டு அரிவாள் ஒரே வீட்டுக்குச் சென்றிருத்தல் வேண்டும் என்னும் யாப்புறவு இல்லை. வலுவான சான்று புதுவையை நோக்கியே செல்கின்றது. அந்நகர் அக்காலத்துப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆங்கிலச் சட்டம் அங்குச் செல்லாது. இந்தியா இல்லத்தில் இருந்த வ. வே. சு. ஐயர் போலீஸார் கண்ணைக் கட்டி ஐரோப்பாவினின்று நீங்கி 1910-இல் புதுவை அடைந்தார். புனலூரிலே திருவிதாங்கூர்க் காட்டிலாகாவில் ஊழியம் செய்த வாஞ்சி 1911-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் விடுப்பெடுத்துப் புதுவை சென்றதையும், ஆண்டு ஐயர் இளைஞர்க்குச் சுடும் பயிற்சி அளித்ததையும் மேற்கூறிய அறிக்கை குறிக்கின்றது. (அவ்வறிக்கையும் ரிவால்வர் என்றே கூறுதல் நகைப்புக்குரியது.) ஆகலின் ஹெர்ஸ்டாலினின்று மேலைநாட்டு நண்பர் கைவழியே புதுவை, புதுவையினின்று செங்கோட்டை, செங்கோட்டையினின்று மணியாச்சி என்பதே எம் துணிபு.

ஐயரைப் பற்றித் தமிழாசிரியராகிய யாம் இன்னும் சிறிது கூறாது போதல் தகாது. குறி பார்க்கக் கற்பித்த அக்கையே 1916-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் முழுவதும் பெயர்த்தது. கம்பனின் பெருமையை மேல்நாட்டுக் காவியங்களோடு ஒப்பிட்டு எழுதியது. தமிழ்ச் சிறுகதைக்கும் வித்திட்டது. பின்னாளில் அவர் நம் பொருநைக் கரையிலே சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்குச் சாதி பற்றிப் பந்தி பிரித்தமையால் எழுந்த பூசல் தமிழ்நாடு முழுதும் பரவியது. சாதிச் சங்கத்தாராகிய நாம் அதனை மறத்தல் ஆகாது. 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாபநாசத்துக் கல்யாண தீர்த்தத்தில் வழுவி வீழ்ந்த தம் மகள் சுபத்திரையைக் காக்கப் புகுந்து தாமும் அப்புனலில் மறைந்தார். கடல் கடந்து போலீஸார்க்கு அகப்படாதவரைப் பொருநை கொண்டது.

மணியாச்சி நிகழ்ச்சிக்குப் பின் பற்றப்பட்டோர் பட்ட பாடு சிறிதன்று. செங்கோட்டையிலும் தென்காசியிலும் வீடுவீடாகச் சோதனை நடந்தது. போலீஸார் தேடலுக்கு அஞ்சித் தருமராஜ ஐயர் நஞ்சுண்டு மாய்ந்தார். வேங்கடேசுவர ஐயர் தம் கழுத்தையே அறுத்துக்கொண்டார். சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த சதி வழக்கில் 14 பேர் குற்றஞ்சாட்டப்பெற்றனர்; 1912 பிப்ரவரியில் ஒன்பதின்மர் தண்டனை பெற்றனர். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டு. நிலையத்துக்கு உடன்சென்று தப்பிய சங்கரகிருஷ்ண ஐயருக்கு நான்காண்டு. வண்டியில் எதிரே அமர்ந்திருந்து கணவன் வீழ்தலைக் கண்ட துரைசானி தம் மக்களோடு கடல் கடந்தார். ஆஷ் துரை பாளையங்கோட்டைக் கல்லறையில் உறங்குகின்றார். நிலையமோ இன்று 'வாஞ்சி மணியாச்சி' எனப் பெயர் தாங்கி நிற்கின்றது.

இனி, பழந்துப்பாக்கி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொறித்தகட்டையும் குழலையும் எண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். மணல் கொண்டு தேய்த்துவிடாதீர்கள். நாற்கூறாகப் பிரித்த இதயவடிவும் அதனுள் நான்கு ஆங்கில எழுத்தும் இருப்பின், அது கிழக்கிந்தியக் கும்பினியின் பழைய முத்திரை. எழுந்து நிற்கும் சிங்கம் இருப்பின், 1808-க்குப் பிற்பட்ட கும்பினிப் படைக்கலம். கட்டபொம்மன் 1799-லேயே கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டமையின், அஃது அவர் கையிலிருந்தது என்று சொல்லற்க. முட்டை வடிவ வளையத்துள் மூன்று எழுத்து இருப்பின், அது லியேழ் சோதனைச் சாலையின் முத்திரை. அங்ஙனம் ஏதேனும் கண்டால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டுமா என்பதை முதலில் வழக்கறிஞர்பால் கேட்டறிந்து, பின்னர் அம்முத்திரையின் வடிவைத் தாளில் வரைந்து சங்கக் காரியதரிசிக்கு அனுப்புவீராக.