பொதுச் சுகாதாரத்தில் சிறப்புப் பட்டம்: எந்தக் கதவுகள் திறக்கும்?

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் நாவிதன்வெளி, கல்முனைப் பகுதிகளில் உயிரியல் பிரிவு மாணவர்களின் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது மருத்துவ பீடத்தைப் பற்றித்தான். அது கிடைக்காவிட்டால் சுகாதாரத் துறையே மூடிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வைத்தியர் நோயாளியைப் பார்க்கிறார்; பொதுச் சுகாதாரம் ஊரைப் பார்க்கிறது. வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல், கரையோர நகரங்களில் டெங்கு என நோய் எங்கே, யாருக்கு, ஏன் வருகிறது என்று ஆராய்வதே இத்துறை. தொற்றுநோயியல், புள்ளிவிபரவியல், சுற்றாடல் சுகாதாரம், சுகாதாரக் கொள்கை என்பன இதன் அடிப்படைப் பாடங்கள்.

இதற்கு நெருங்கிய அரச பட்டம், மிஹிந்தலையிலுள்ள ரஜரட்டப் பல்கலைக்கழகத்தின் சுகாதார மேம்பாட்டுக் கற்கைநெறி. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 6ஆம் மட்டம். மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம். சிறப்புப் பட்டத்தில் சுயமான ஆய்வொன்றும் இருப்பதால் முதுமாணிக் கற்கைக்கு அது உதவும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரியாக வர மருத்துவப் பட்டம் தேவை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பதவிக்குத் தனியான ஆட்சேர்ப்பும் பயிற்சியும் உண்டு. இந்தப் பட்டம் அவ்விரண்டுக்கும் நேர்வழியல்ல. ஆய்வு, சுகாதாரத் தரவு, சுகாதாரக் கல்வி, தொழிற்சாலைப் பாதுகாப்பு, அரச சார்பற்ற மற்றும் சர்வதேச நிறுவனங்களின் திட்டங்கள் ஆகியவற்றில்தான் இதற்கு இடமுண்டு.

நமது சமூகத்துக்கு இதன் பெறுமதி 2020இல் விளங்கியது. கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது, நிலத்தடி நீர் மாசடையும் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கம் செய்வதையும் அனுமதித்தது. நாட்டின் சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும் அடக்கத்துக்குத் தடையில்லை என்றது. 2021 பெப்ரவரியில் அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. கண்ணீரோடும் துஆவோடும் ஆதாரமும் பேச வேண்டிய காலம் அது. அந்த மொழியைக் கற்றவர்கள் நம்மில் இன்னும் பலர் வேண்டும்.

விண்ணப்பிக்குமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அவ்வருடக் கைந்நூலில் பாடத் தகைமையைப் பாருங்கள். தனியார் நிறுவனமென்றால், பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா என்று உறுதிசெய்த பின்னரே பணம் கட்டுங்கள்.