அடி

சின்னச் சொல்லின் தலையில்தான் பெரிய சுமை ஏறுகிறது. 'அடி' என்ற சொல்லையே பாருங்கள். பாதமும் அடி, அது பதிந்த சுவடும் அடி. மரத்தின் கீழ்ப்பாகம் அடி. செய்யுளின் வரியும் அடி. பெரியவர்களை 'அடிகள்' என்று உயர்த்துகிறோம். அவர்கள் முன்னால் நம்மை 'அடியேன்' என்று தாழ்த்திக் கொள்கிறோம். குறும்புக்காரப் பிள்ளையின் முதுகில் விழுவதும் அடிதான்! இத்தனை வேலைக்கும் நடுவே உலகத்தை அளக்கும் உத்தியோகமும் இந்தச் சொல்லுக்கு உண்டு.

பழைய நாளில் மனிதனுக்கு அவன் உடம்பே அளவுகோல். விரல், சாண், முழம், அடி எல்லாம் அப்படிப் பிறந்தவை. அதில் ஒரு சங்கடம். பூக்காரியின் கை குட்டையாக இருந்தால் முழமும் அல்லவா குட்டையாகிவிடுகிறது? பூவுக்குப் பரவாயில்லை; நிலத்துக்கு வரி விதிக்கும் அரசாங்கத்துக்கு அது சரிப்படுமா? ஆகவேதான் சோழர் கல்வெட்டுகளில் பன்னிரண்டு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்றெல்லாம் வரையறுத்த கோல்களைக் காண்கிறோம். கோயில் சுவரிலேயே கோலின் நீளத்தை வெட்டி வைத்தார்கள். சந்தேகம் வந்தால் சுவரே சாட்சி! இராஜராஜன் காலத்தில் நிலம் அளந்த அதிகாரிக்கு 'உலகளந்தான்' என்று பட்டம். மூன்றடியால் உலகை அளந்த திருமாலின் பெயர், ஒரு சர்வேயருக்கு!

பின்னால் ஆங்கிலேயன் வந்தான். அவனுடைய ஏக்கரும் சென்ட்டும் பெயர் மாறாமலே நம் நாக்கில் ஏறிக்கொண்டன. ஆனால் 'ஃபுட்' மட்டும் ஏறவில்லை. அவன் ஊரிலும் அது பாதத்தில் பிறந்த அளவுதான். நம்மிடமோ 'அடி' தயாராக இருந்தது. சொல் நம்முடையது, நீளம் அவனுடையது, பன்னிரண்டு அங்குலம், என்று ராசியாகிவிட்டது. 1956-இல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்தது. படியும் வீசையும் கடையை விட்டுப் போயின. அடி போகவில்லை.

அது எப்படி நிலைத்து நிற்கிறது என்பதைச் சேலம் மாவட்டத்து மேச்சேரியில் பார்க்கலாம். ஆட்டுச் சந்தைக்கும், ஊர்ப் பெயரையே தாங்கிய செந்நிறச் செம்மறியாட்டுக்கும் பேர்போன ஊர். வானம் பார்த்த மேட்டுப் பூமி. பக்கத்திலேயே மேட்டூர் அணை. 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்தது. 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. தண்ணீர். அந்த மூன்றெழுத்துக்குள்ளும் ஓர் அடி ஒளிந்திருக்கிறது: ஆயிரம் மில்லியன் கன அடி என்பதன் சுருக்கம் அது.

இங்கே அடிக்கு அடி சமம் இல்லை என்பது ஒரு வேடிக்கை. அறுபது அடி நின்றால் பாதி அணை என்று நினைப்பீர்கள். இருப்பதோ சுமார் 25 டி.எம்.சி.தான், கால் பங்கு சொச்சம். கீழே குறுகி மேலே அகன்ற பள்ளம் அல்லவா? 119-இலிருந்து 120-க்கு ஏறும் அந்த ஒரே அடியில் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை டி.எம்.சி. அடங்கிவிடுகிறது. நீர் இறங்கினால், மூழ்கிப்போன பண்ணவாடிக் கோயிலின் நந்தி தலைகாட்டும். அளவுகோலைப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

ஆளுக்கு ஓர் அடி முக்கியம். தஞ்சை விவசாயி தொண்ணூறாவது அடியைப் பார்த்திருப்பார். அந்த அளவு நின்றால் ஜூன் 12-இல் அணை திறக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. அணைக்குப் பக்கத்து மேட்டு நிலத்துக்காரருக்கோ வெகு காலம் எந்த அடியும் சொந்தமில்லை. தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தானே ஓடும்? 2020-இல் ஒரு திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அணை நிரம்பி வழியும் உபரி நீரை மின்மோட்டாரால் மேலேற்றி, மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி வட்டங்களின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோவது நோக்கம்.

உபரி என்றால் 120 அடிக்கு மேல் வருவது. கடைசி அடியும் நிறைந்த பிறகுதான் இவர்கள் முறை. செய்தியில் '119 அடி' என்று வரும்போது தஞ்சையில் மகிழ்ச்சியாகக் கேட்பார்கள். மேட்டுக்காட்டிலோ, இன்னும் ஓர் அடி என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்.