சக பயணியின் சம்மதம்

1890-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்திலேயே, சக பயணிகளின் சம்மதமின்றிப் பெட்டிக்குள் புகைத்தால் 20 ரூபாய் வரை அபராதம் இருந்தது. புகை அன்று வெறும் தொந்தரவுதான். ஒருவர் முகம் சுளித்தால்தான் பேச்சே எழும். மாமனார் சுருட்டைப் பற்றவைக்கும்போது மருமகள் எங்கே வாய் திறப்பாள்? மௌனமே சம்மதமாகிவிடும். இந்தக் கணக்கை மாற்றியது 1981-இல் ஜப்பானின் ஹிராயாமா வெளியிட்ட ஆய்வு. புகைக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், கணவர் ஊதித்தள்ளிய வீடுகளில் மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் மரணம் கூடியிருந்தது. புகையிலை நிறுவனங்கள் புள்ளியியலில் குற்றம் கண்டுபிடித்தன. ஆனால் 1986-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கையும் அதே முடிவுக்குத்தான் வந்தது.

தொந்தரவு நோயான பிறகு, சம்மதம் கேட்பதில் பொருளில்லை. 1999-இல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்தபோது, உயிர்வாழும் உரிமையையே ஆதாரமாகக் கொண்டது. 2001-இல் உச்சநீதிமன்றமும் அவ்வழியே சென்றது. தனிமனித சுதந்திரம் என்பார்கள். புகைப்பவர் தம் நுரையீரலோடு நிறுத்திக்கொண்டால் அந்த வாதம் நிற்கும். தனி மூலை போதாதா என்றும் கேட்பார்கள். 30 இருக்கைக்குக் குறையாத உணவகங்களுக்கு 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமே அதை அனுமதித்தது. கதவு திறக்கும்போதெல்லாம் அந்த மூலை வெளியே வந்துவிடுகிறது. வீட்டுக்குள்ளோ சட்டம் நுழைவதே இல்லை. ஹிராயாமாவின் மனைவியர் இருந்தது அங்கேதான்.