நிக்சன் கட்சிக்குள் ஒரு மரைன்

1972 ஆகஸ்டில் மயாமி பீச்சில் கூடிய குடியரசுக் கட்சி மாநாடு, ரிச்சர்ட் நிக்சனை மறுபடியும் அதிபர் வேட்பாளராக அறிவித்தது. அவருக்கு 1,347 வாக்குகள். பீட் மெக்ளாஸ்கி என்ற கலிபோர்னியாக்காரருக்கு ஒரே ஒரு வாக்கு. கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்திய காலமெல்லாம் அந்த ஒற்றை வாக்கைப் பற்றிச் சொல்லாமல் நான் அந்தப் பாடத்தை முடித்ததில்லை. வியட்நாம் போரை எதிர்த்தவர்கள் என்றால் மாணவர்களும் பாடகர்களும் ஜனநாயகக் கட்சியில் ஒரு பிரிவினரும்தான் என்று என் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். வலதுசாரிக் கட்சிக்குள் இருந்துகொண்டு எதிர்த்தவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இரண்டு பக்கமும் இடி.

மெக்ளாஸ்கியைக் கோழை என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. கொரியப் போரில் மரைன் படையின் இளம் அதிகாரி அவர். துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு குன்றேறி, எதிரியோடு கைகலந்து போரிட்டவர். நேவி கிராஸ், சில்வர் ஸ்டார் என்ற இரண்டு வீர விருதுகள் பெற்றார். இரண்டு முறை காயம்பட்டார். பிறகு வக்கீலாகி, 1967 இறுதியில் சான் மட்டேயோ வட்டாரத்தில் பிரதிநிதிகள் சபை இடைத்தேர்தலில் நின்றார். கட்சிக்குள் அவரை எதிர்த்தவர் உலகமே அறிந்த பழைய குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள். அவர் வியட்நாம் போரை ஆதரித்தார், மெக்ளாஸ்கி எதிர்த்தார். வென்றது மெக்ளாஸ்கி.

1971இல், வியட்நாம் போர் பரவியிருந்த அண்டை நாடான லாவோசுக்கே மெக்ளாஸ்கி போனார். அந்நாட்டின் ஜாடிச் சமவெளியிலிருந்து ஓடிவந்திருந்த அகதிகளைச் சந்தித்து, உங்கள் ஊரை அழித்தது யார் என்று விசாரித்தார். அமெரிக்க விமானங்கள் என்றே பதில் வந்தது. எதிரியின் முகத்தைப் பார்த்துச் சண்டையிட்ட மனிதர் அவர். முகமே தெரியாத உயரத்திலிருந்து ஊர்களைப் பொசுக்குவதை அவரால் போர் என்று ஏற்க முடியவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். அந்த ஆண்டே, போரை நீட்டிப்பதற்காக நிக்சனைப் பதவிநீக்கம் செய்வது பற்றிப் பேசலாம் என்று சபையில் எழுந்து சொன்னார். சொந்தக் கட்சி அதிபரைப் பற்றி!

இது கட்சித் துரோகம் என்றார்கள். எனக்கு அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் தெரியவில்லை. 1949இல் நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்த ராபர்ட் டாஃப்ட் அந்தக் கட்சியின் பெருந்தலைவர். மெக்ளாஸ்கி ரத்தம் சிந்திய கொரியாவில் 1953இல் சண்டையை நிறுத்தியது அந்தக் கட்சியின் ஐசனோவர் ஆட்சி. போரை முடிப்பதும் தங்கள் மரபுதான் என்பதைக் கட்சி மறந்திருந்தது. மெக்ளாஸ்கி மறக்கவில்லை.

1972இல் வேட்பாளர் இடத்துக்காக நிக்சனோடு நியூ ஹாம்ப்ஷயரில்தான் அவர் மோதிப் பார்த்தார். அதிபர் தேர்தலுக்கான முதல் உட்கட்சித் தேர்தல் நடக்கும் சிறு மாநிலம் அது. அதிகாரத்தில் இருப்பவரைக் கட்சிக்காரர்களே கேள்வி கேட்கும் களம். 1968இல் அங்கே போரை எதிர்த்த ஜனநாயகக் கட்சி செனட்டர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கியதும், அதே கட்சியின் அதிபர் ஜான்சன் ஆடிப்போனார். அந்த மாதமே போட்டியிலிருந்து ஒதுங்கினார். அப்படி ஒன்றுதான் மெக்ளாஸ்கியும் எதிர்பார்த்தது. ஆனால் நிக்சன் ஜான்சன் அல்ல. வியட்நாமில் ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்த அமெரிக்கப் படையை 1971 முடிவதற்குள் ஒன்றரை லட்சமாகக் குறைத்திருந்தார். சவப்பெட்டிகள் குறைந்தன, வீட்டில் கோபமும் குறைந்தது. குண்டுகள் மட்டும் தொடர்ந்து விழுந்தன, ஆனால் அவை விழுந்தது வேறு யாரோ வீட்டின்மேல். தேர்தலுக்கு முந்தைய பிப்ரவரியில் நிக்சன் பெய்ஜிங்கில் மாவோவுடன் கைகுலுக்குவதையும் சீனப் பெருஞ்சுவரில் நிற்பதையும் அமெரிக்கா தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. மெக்ளாஸ்கி கையில் பணமில்லை. வலப்பக்கத்திலிருந்து ஓஹையோவின் ஜான் ஆஷ்புரூக் வேறு, சீனாவோடு உறவா என்று நிக்சனைத் தாக்கிக்கொண்டிருந்தார். மார்ச் 7 அன்று நிக்சனுக்குக் கிட்டத்தட்ட 68 சதவீதம், மெக்ளாஸ்கிக்கு 20, ஆஷ்புரூக்குக் கிட்டத்தட்ட 10.

ஐந்தில் ஒருவர் போர் வேண்டாம் என்று சொன்ன கணக்கு அது. நான் அதைத் தோல்வி என்று மட்டும் படிக்க மாட்டேன். அவரோ சில நாட்களிலேயே விலகினார். சொந்தத் தொகுதியில் மறுபடி நிற்க மனுத்தாக்கல் செய்ய வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. விலகிய பிறகும் நியூ மெக்சிகோ வாக்குச்சீட்டில் பெயர் இருந்தது. அங்கே விழுந்த வாக்குகளுக்காக மாநிலச் சட்டம் ஒதுக்கிக் கொடுத்த ஒரு பிரதிநிதிதான் மயாமியின் அந்த ஒற்றை வாக்கு.

1982இல் செனட்டுக்கு நிற்கக் கட்சி அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை; அத்தோடு சபையும் போயிற்று. கட்சியை மட்டும் 2007 வரை விடவில்லை. அந்த ஆண்டு, எண்பதை எட்டும் வயதில், ஜனநாயகக் கட்சிக்கு மாறினார். 2024இல் 96 வயதில் காலமானார்.

அவர் இருந்த இடம் காலியாகக் கிடக்கவில்லை. 2002 அக்டோபரில் அதிபர் புஷ் ஈராக் போருக்கு அனுமதி கேட்டபோது, பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் ஆறு பேர் மறுத்து வாக்களித்தார்கள். டெக்சாஸின் மருத்துவர் ரான் பால் அவர்களில் ஒருவர். வட கரோலினாவின் வால்டர் ஜோன்ஸ் அன்று ஆதரித்தவர்தான். இறந்த வீரர்களின் குடும்பங்களைக் கண்டபின் மனம் மாறி, அந்த வாக்குக்காகக் கடைசிவரை வருந்தினார். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கடிதம் எழுதினார். கேம்ப் லெஜூன் என்ற பெரிய மரைன் தளம் அவர் தொகுதியில்தான் இருக்கிறது. போரை எதிர்த்தால் அங்கே பிழைக்க முடியாது என்று பேசினார்கள். 2014 உட்கட்சித் தேர்தலில் புஷ் நிர்வாகத்தில் பணியாற்றிய ஒருவர் எதிர்த்து நின்றார். ஜோன்ஸே வென்றார். 2019இல் இறக்கும்வரை அந்தத் தொகுதி அவரிடமே இருந்தது.