பூட்டி வைத்த வேகம்

1991 ஆகஸ்ட். ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தான் எழுதிவரும் ஆபரேட்டிங் சிஸ்டம் பற்றி வெளியே சொன்னார். கூடவே ஓர் எச்சரிக்கை: என்னிடம் இருக்கும் வகை ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறெதிலும் இது ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அதுதான் லினக்ஸ். இலவசம். யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து திருத்தலாம். விடுவார்களா? ஆளாளுக்கு விதவிதமான டிஸ்க்குகளை மாட்டிப் பார்த்தார்கள். வேகம் பெரிய பிரச்னையாகிவிட்டது.

ஓர் அரிசி மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளியே குடோனுக்குப் போய் மூட்டை சுமந்தால் கல்லாவை யார் பார்ப்பது? அன்றைய கம்ப்யூட்டரில் அதுதான் நடந்தது. டிஸ்க்கில் இருக்கும் தகவலை பிராசஸரே கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வந்தது. இந்த முறைக்கு பிஐஓ என்று பெயர். உச்ச வேகமே விநாடிக்குச் சுமார் 16 மெகாபைட்தான்.

மாற்று வழி, டிஎம்ஏ. அதாவது, லோடுமேன் வைத்துக்கொள்வது. பிராசஸர் உத்தரவு போட்டால் போதும், தகவல் நேராக மெமரிக்குப் போய்விடும். 1990களின் பிற்பகுதியில் வந்த அல்ட்ரா டிஎம்ஏ, 33 மெகாபைட்டைத் தொட்டது. அடுத்து 66.

லினக்ஸும் டிஎம்ஏ கற்றுக்கொண்டது. ஆனால் பல கம்ப்யூட்டர்களில் அதை அணைத்தே வைத்திருந்தார்கள்! வேண்டுமென்றால், மார்க் லார்ட் எழுதிய ஹெச்டிபார்ம் என்ற குட்டி புரோகிராமில் ஒரு வரி தட்டி நாமேதான் முடுக்கிவிட வேண்டும்.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

பயம். நியாயமான பயம். 1990களின் நடுவில் சிஎம்டி640, ஆர்இசட்1000 என்று இரண்டு சிப்கள் பல மதர்போர்டுகளில் இருந்தன. சத்தமே இல்லாமல் தகவலைச் சிதைக்கக்கூடியவை. அது டிஎம்ஏ செய்த குற்றமல்ல. ஆனால் எந்த சிப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்பதற்கு அதுவே போதுமான பாடம்.

66 மெகாபைட் வேகத்துக்கு கேபிளே மாறியது. 40 கம்பி இருந்த இடத்தில் 80. கூடுதல் 40 கம்பிகளும் தகவல் சுமப்பதில்லை. ஒரு கம்பியின் சிக்னல் பக்கத்துக் கம்பியில் கலக்காமல் காவல் காப்பதே அவற்றின் வேலை. எனவே லினக்ஸ் முதலில் கேபிளை விசாரிக்கும். பழசு என்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆண்ட்ரே ஹெட்ரிக் முன்னின்று கவனித்த இந்த வேலை, 2001 ஜனவரியில் 2.4 பதிப்போடு வெளிவந்தது.

அடுத்த வருஷமே இன்னொரு சோதனை. வளர்ச்சியில் இருந்த 2.5 பதிப்பில் இந்தப் பகுதியை ஒருவர் அடியோடு மாற்றி எழுதினார். மாதக்கணக்கான உழைப்பு. ஆனால் டிஸ்க்கை நம்பி ஒப்படைக்கப் பலருக்கும் தைரியம் வரவில்லை. 2002 ஆகஸ்ட்டில் அத்தனையையும் தூக்கிவிட்டு, பழைய 2.4 நிரலையே திரும்ப வைத்தார் டோர்வால்ட்ஸ்.

அந்தப் பழைய ஐடிஇ நிரல் பிறகு மெல்ல ஒதுங்கி, 2021ல் லினக்ஸை விட்டே விடைபெற்றது. அந்த வேலையை இப்போது செய்வது லிப்அட்டா.

லோடுமேன் வேகமாக ஓடுவது சந்தோஷம்தான். ஆனால் குடோனில் ஏற்றிய மூட்டை, கடையில் இறங்கும்போதும் அதே மூட்டையாக இருக்க வேண்டுமில்லையா?